ருஷ்டி தாக்கப்பட்ட அந்த மேடையில் தினமும் என்ன நடக்கும்? ரிட்டயர் ஆன பிறகு கோடை வகுப்புக்குப் போகும் அமெரிக்கர்களின் 150 ஆண்டுக் கதை

2022 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை காலை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரை ஊர். மேடையில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர் சல்மான் ருஷ்டியை நோக்கி ஓடிவந்த இளைஞர் ஒருவர், அவரைக் கத்தியால் சரமாரியாகக் குத்தினார். அப்போது ருஷ்டிக்கு வயது 75. உயிர் தப்பினார், ஆனால் வலது கண்ணின் பார்வை போய்விட்டது.

அந்த வீடியோவை உலகமே பார்த்தது. பலர் கவனிக்காத ஒரு விஷயமும் அதில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் நிறைய பேர் நரைத்த தலைக்காரர்கள். அது அரசியல் கூட்டமில்லை. புத்தக வெளியீட்டு விழாவும் இல்லை. அவர்கள் வந்திருந்தது ஒரு 'வகுப்புக்கு'.

ஆமாம், வகுப்புதான். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது, ஹோம்வொர்க் கிடையாது. வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் கோடையில் ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்கி, காலையில் உரை கேட்டு, மாலையில் சுற்றிப் பார்த்து, ஏதாவது ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும் பழக்கம் அமெரிக்காவில் 150 ஆண்டுகளாக இருக்கிறது.

இந்தப் பழக்கம் எப்படி ஆரம்பித்தது? யாருக்குப் பயன்படுகிறது? அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்ம ஊர் பெற்றோர் இதில் சேர முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

அந்த இடம் எது?

ஊரின் பெயர் ஷட்டாக்குவா. அங்குள்ள ஏரிக்கும் அதே பெயர்தான். பஃபலோ நகரில் இருந்து தென்மேற்கே 100 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். ஏரிக்கரையில் சுமார் 750 ஏக்கர் பரப்பில் இருக்கிறது ஷட்டாக்குவா நிறுவனம். பழைய மர வீடுகள், நிழல் தரும் மரங்கள், நடந்து போகத் தெருக்கள். 1881-ல் கட்டிய ஹோட்டல் ஒன்று இன்றும் அங்கே இயங்குகிறது.

ஜூன் கடைசியில் ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசி வரை ஒன்பது வாரம் 'சீசன்'. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தலைப்பு. அந்த வாரத்தின் காலை உரைகள் அந்தத் தலைப்பைச் சுற்றியே இருக்கும்.

அன்று ருஷ்டி பேச இருந்த விஷயமும் அப்படிப்பட்டதுதான். சொந்த நாட்டில் உயிருக்கு ஆபத்து இருக்கும் எழுத்தாளர்களுக்கு அமெரிக்கா எப்படி அடைக்கலம் தரலாம் என்பதே தலைப்பு. பாதுகாப்பு பற்றிய உரை தொடங்கும் முன்பே அந்தக் கொடூரம் நடந்தது.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 10.45-க்குப் பெரிய அரங்கில் முக்கிய உரை. சுமார் 4,000 பேருக்கு மேல் உட்காரலாம். மேலே கூரை உண்டு, பக்கச் சுவர்கள் கிடையாது. காற்று உள்ளே வரும், பேச்சு வெளியே கேட்கும்.

மதியம் 2 மணிக்கு இன்னொரு திறந்த மண்டபத்தில் மதங்கள், தத்துவம், நன்னெறி பற்றிய உரை. நடுவில் ஓவியம், மொழி, எழுத்து, இசை என்று சிறு வகுப்புகள். இரவில் இசைக் கச்சேரி. அந்த ஊருக்கென்றே சிம்பொனி இசைக்குழு இருக்கிறது. 1876-ல் தொடங்கிய நாளிதழ் ஒன்று, முந்தின நாள் யார் என்ன பேசினார்கள் என்பதை இன்றும் சீசன் முழுக்க அச்சிட்டுத் தருகிறது.

எல்லா வயதினரும் வரலாம். குழந்தைகளுக்குத் தனி முகாம் உண்டு. அதனால் தாத்தா பாட்டி உரை கேட்கப் போக, பேரப்பிள்ளைகள் ஏரியில் நீச்சல் பழகுவார்கள். காலை உரையில் மட்டும் ஓய்வு பெற்றவர்களே அதிகம் கண்ணில் படுவார்கள்.

இதை ஆரம்பித்தது யார்?

இரண்டு பேர். ஒருவர் லூயிஸ் மில்லர். ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்தவர். அறுவடை இயந்திரங்கள் செய்து பணம் சம்பாதித்த தொழிலதிபர், கண்டுபிடிப்பாளரும்கூட. விஞ்ஞானி தாமஸ் எடிசனின் மாமனார் என்றால் சட்டென்று புரியும்.

இன்னொருவர் ஜான் ஹெயில் வின்சென்ட். மெதடிஸ்ட் திருச்சபைப் போதகர். காலேஜ் படிக்க வாய்ப்பு கிடைக்காதவர். அந்த ஏக்கம் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

1874 ஆகஸ்டில், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி முகாம் ஒன்றை இருவரும் அந்த ஏரிக்கரையில் நடத்தினார்கள். பைபிளில் வரும் ஊர்கள் எங்கே இருக்கின்றன என்பதை வெறும் வாயால் சொன்னால் மனதில் நிற்குமா? கரையிலேயே புனித நாட்டின் நிலப்படத்தை மண்ணால் செய்துவிட்டார்கள். மேடு இருந்தால் மலை, குழி இருந்தால் கடல். பக்கத்தில் இருந்த ஏரிதான் மத்தியதரைக் கடல். ஆசிரியர்கள் அதன் மேலே நடந்து நடந்து ஊர்களைத் தெரிந்துகொண்டார்கள். அந்த 'மண் மேப்' இன்றும் அங்கே இருக்கிறது.

'கேட்பது பாதி, நடந்து பார்ப்பது மீதி' என்ற இந்த முறைதான் பின்னால் வந்த எல்லா கோடைப் படிப்புச் சுற்றுலாக்களுக்கும் அடித்தளம்.

சில ஆண்டுகளிலேயே அறிவியல், இலக்கியம், இசை, அரசியல் எல்லாம் உள்ளே வந்தன. பிற சபையினரும் வரத் தொடங்கினர். 1936-ல் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் போருக்கு எதிராகப் பேசிய புகழ்பெற்ற உரை நடந்ததும் இங்கேதான்.

வர முடியாதவர்களுக்கு என்ன வழி?

ஊருக்கு வந்து தங்க எல்லாருக்கும் வசதி இருக்குமா? இந்தக் கேள்விக்கு 1878-ல் வின்சென்ட் ஒரு பதில் கண்டுபிடித்தார். வீட்டிலேயே படிக்கும் வாசிப்பு வட்டம்.

நான்கு ஆண்டுப் பாடத்திட்டம். ஒவ்வோர் ஆண்டும் சில புத்தகங்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றுகூடிப் படித்து விவாதிப்பார்கள். நான்கு ஆண்டு முடித்தவர்களுக்கு ஷட்டாக்குவாவில் ஒரு விழா. பொன்வாயில் என்று பெயரிட்ட வாசல் வழியாக அவர்கள் வரிசையாக நடந்து வருவார்கள். முதல் அணி 1882-ல் நடந்தது. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இதில் பெரிய எண்ணிக்கையில் சேர்ந்தவர்கள் பெண்கள். காலேஜ் கதவு பெண்களுக்குச் சரியாகத் திறக்காத காலம் அது. சமையலும் பிள்ளை வளர்ப்புமாக இருந்த வீட்டில் வரலாறும் அறிவியலும் படிக்க முடிந்தது என்றால், அது சாதாரண விஷயம் இல்லை. இன்று 'புக் கிளப்' என்று சொல்கிறோமே, அமெரிக்காவில் அதற்கு முன்னோடி இந்த வட்டம்தான்.

டூரிங் டாக்கீஸ் மாதிரி ஒரு டூரிங் வகுப்பு

அடுத்த கட்டம் இன்னும் சுவாரஸ்யம். ஊர்கள் ஷட்டாக்குவாவுக்கு வர முடியவில்லை என்றால், ஷட்டாக்குவாவே ஊருக்குப் போகட்டும் என்று சிலர் நினைத்தார்கள். 1904-ல் கீத் வாட்டர் என்பவர் கூடாரம், பேச்சாளர், பாடகர் எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றி ஊர் ஊராக அனுப்ப ஆரம்பித்தார். தாய் நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நம்ம ஊரில் கோயில் திருவிழா முடிந்ததும் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்ட மாதிரி, அங்கே கோடையில் பழுப்பு நிறக் கூடாரம் முளைக்கும். பழுப்பு நிறம் ஏன்? சர்க்கஸ் கூடாரம் வெள்ளை. இது வேறு என்று தூரத்தில் இருந்தே தெரிய வேண்டும்.

விவசாயக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஒரு வாரம் போல உரையும் பாட்டும் நாடகமும் கேட்டன. மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்தான் இந்தக் கூடாரங்களின் சூப்பர் ஸ்டார். ரஸ்ஸல் கான்வெல் என்பவர் ஒரே உரையை வாழ்நாளில் 6,000 தடவைக்கு மேல் பேசினார்.

அப்புறம் ஏன் நின்று போச்சு?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. ரேடியோ வந்தது. சினிமா வந்தது. கார் வந்தது. வேறு ஊருக்குப் போய்ப் பொழுதைக் கழிக்கலாம் என்றானதும் கூடாரம் எதற்கு?

அதிகம் பேசப்படாத நான்காவது காரணம் ஒன்று உண்டு. அது அந்த ஒப்பந்தம். கூடாரம் வர வேண்டும் என்றால், இத்தனை டிக்கெட் கட்டாயம் விற்கும் என்று ஊர்க் கடைக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். விற்காவிட்டால் மீதிப் பணம் அவர்கள் பாக்கெட்டில் இருந்து போகும். நல்ல காலத்தில் ஊர்ப் பெருமைக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். 1920-களில் விவசாய விலை விழுந்தபோது கை நீளவில்லை. 1929-ல் பங்குச் சந்தை சரிந்து பொருளாதார வீழ்ச்சி வந்ததும் கூடாரங்கள் மடிந்தன.

கேட்க ஆள் இருந்தார்கள். பேசவும் ஆள் இருந்தார்கள். செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. இதே கேள்வி இன்னும் ஒரு முறை இந்தக் கதையில் வரப்போகிறது.

1975: காலி ஹாஸ்டல் கொடுத்த ஐடியா

அமெரிக்காவில் மே மாதத்தோடு காலேஜ் முடிந்துவிடும். ஆகஸ்ட் கடைசி வரை ஹாஸ்டல் அறைகள் காலி. மெஸ் காலி. வகுப்பறை காலி. பேராசிரியர்களில் பலர் ஊரில்தான் இருப்பார்கள்.

மார்ட்டி நோல்ட்டன் என்பவர் முதுகில் பையை மாட்டிக்கொண்டு நான்கு ஆண்டுகள் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்தவர். இளைஞர்கள் தங்கும் மலிவான ஹாஸ்டல்களில் தங்கினார். ஸ்காண்டிநேவிய நாடுகளில் வயதானவர்கள் மதிப்போடு, சுறுசுறுப்பாக இருப்பதைப் பார்த்தார். 'நம்ம நாட்டுல மட்டும் ரிட்டயர் ஆனா ஏன் மூலையில உட்கார வைக்கிறோம்?' என்ற கேள்வியோடு திரும்பினார். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிகளைக் கவனித்துவந்த டேவிட் பியான்கோ அவருடைய நண்பர். இருவரும் பேசியதில் பிறந்ததுதான் 'எல்டர்ஹாஸ்டல்'. முதியோருக்கான ஹாஸ்டல் என்று அர்த்தம்.

1975 கோடையில் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்து கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இதை நடத்தின. வந்தவர்கள் 220 பேர். மாணவர்கள் படுத்த கட்டிலில் படுத்தார்கள், மெஸ்ஸில் சாப்பிட்டார்கள், பொதுக் குளியலறைக்கு வரிசையில் நின்றார்கள். செலவு குறைவாக இருந்ததற்குக் காரணம் அதுதான். யாரும் புதிதாக எதையும் கட்டவில்லை. சும்மா கிடந்ததை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

1980-க்குள் எண்ணிக்கை 20,000-ஐத் தொட்டது. 50 மாநிலங்களிலும் நடந்தது. அடுத்த ஆண்டே வெளிநாட்டுப் பயணங்களும் ஆரம்பித்தன. தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளையும் சேர்ந்து போகும் பயணங்களும் வந்தன. இன்று அதன் பெயர் 'ரோடு ஸ்காலர்'. பாஸ்டனில் இருந்து இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பு. ஒவ்வொரு பயணத்துக்கும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை படி ஏற வேண்டும் என்பதை முன்கூட்டியே தரம் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரிய உதவி.

மற்ற நாடுகளில்?

டென்மார்க்: இந்த விஷயத்தில் எல்லாருக்கும் அண்ணன். கிருண்ட்விக் என்ற சிந்தனையாளரின் யோசனையில் 1844-ல் ரோடிங் என்ற ஊரில் முதல் 'மக்கள் உயர்பள்ளி' தொடங்கியது. தங்கிப் படிக்கும் பள்ளி, ஆனால் பரீட்சையும் பட்டமும் கிடையாது. இன்றும் கோடையில் ஒரு வாரம், இரண்டு வாரம் எனப் பெரியவர்களுக்குக் குறுகிய வகுப்புகள் நடக்கின்றன.

பிரான்ஸ்: 1973-ல் துலூஸ் நகரில் பேராசிரியர் பியர் வெல்லா 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் ஓய்வு பெற்றவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார். படிக்கும் வயது முதலாவது, உழைக்கும் வயது இரண்டாவது, அதற்குப் பிறகு வருவது மூன்றாவது. 'கிழவர்' என்று சொல்லாமல் ஒரு வயதுக்குப் பெயர் வைத்ததே பெரிய மாற்றம்.

பிரிட்டன்: 1980-களின் தொடக்கத்தில் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் மூவரும் அதே பெயரை எடுத்து, முறையை மாற்றினார்கள். பல்கலைக்கழகமே தேவையில்லை என்றார்கள். ரிட்டயர் ஆன வரலாற்று ஆசிரியர் வரலாறு சொல்லித் தரட்டும். தோட்டம் போடத் தெரிந்தவர் அதைச் சொல்லித் தரட்டும். இன்று மாணவர், நாளை ஆசிரியர்.

அமெரிக்கா: 2001 முதல் பெர்னார்ட் ஓஷர் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுத்து, 50 வயதைத் தாண்டியவர்களுக்கான கற்றல் மையங்களை உருவாக்கியது. இப்போது எல்லா மாநிலங்களிலும் சேர்த்து 120-க்கு மேல் இருக்கின்றன. உறுப்பினர் கட்டணம் உண்டு, தேர்வு கிடையாது.

மூளைக்கு நல்லதா? மறதி வராதா?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பது நம்ம ஊர்ப் பழமொழி. அறிவியல் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் டல்லாஸில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளர் தலைமையிலான குழு 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. சிலருக்கு டிஜிட்டல் போட்டோகிராபி, சிலருக்குத் துணிகளை ஒட்டித் தைக்கும் கைவேலை, சிலருக்கு இரண்டும். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் என மூன்று மாதம். இன்னொரு குழுவினர் புதிதாக எதுவும் கற்கவில்லை, கூடிப் பேசிப் பொழுதைக் கழித்தார்கள். புதிதாகக் கற்றவர்களின் நினைவாற்றல்தான் கூடுதலாக மேம்பட்டிருந்தது. முடிவுகள் 2014-ல் வெளியாகின.

அதனால் ஐம்பதில் மட்டும் அல்ல, எழுபதிலும் கொஞ்சம் வளையும்.

அதே நேரம் ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் மூளையைக் கசக்கிக் கற்றார்கள். நாற்காலியில் சாய்ந்து ஒரு மணி நேரம் உரை கேட்டால் அதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 'இந்த முகாமுக்கு வந்தால் டிமென்ஷியா வராது' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

இன்னொரு பக்கம், 2024-ல் வெளியான லான்செட் மருத்துவக் குழுவின் அறிக்கை, டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், காது கேளாமையோடு தனிமையும் அதில் ஒன்று. வாரத்துக்கு ஒரு நாளாவது வீட்டை விட்டுக் கிளம்பி, நாலு பேரோடு உட்கார்ந்து, கேட்டதைப் பற்றிப் பேசிவிட்டு வருவது அந்தத் தனிமையை உடைக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு இது மாற்று இல்லை. கூடுதல் துணை, அவ்வளவுதான்.

செலவு எவ்வளவு? எல்லாராலும் முடியுமா?

முன்பு பார்த்த அந்தக் கேள்வி மறுபடியும் இங்கே வருகிறது.

காலி ஹாஸ்டலில் ஆரம்பித்த இயக்கம் இன்று நல்ல ஹோட்டல்களுக்கு மாறிவிட்டது. வயதானவர்களுக்குத் தனி அறையும் தனிக் குளியலறையும் தேவை என்பது நியாயம்தான். ஆனால் சில நாள் பயணத்துக்கே ஆயிரம் டாலரைத் தாண்டுவது சகஜமாகிவிட்டது. வெளிநாடு என்றால் பல ஆயிரம். ஷட்டாக்குவாவில் நுழைவுச்சீட்டு ஒரு செலவு, தங்குமிடம் அதைவிடப் பெரிய செலவு.

விளைவு? பென்ஷனும் சேமிப்பும் நன்றாக இருப்பவர்கள் வருகிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கடையிலோ தொழிற்சாலையிலோ நின்று வேலை பார்த்தவர், காலேஜையே பார்க்காதவர், யாருக்காக இது ஆரம்பிக்கப்பட்டதோ அவர் வெளியே நிற்கிறார். உதவித்தொகை இருக்கிறது. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது தெரிந்தால்தானே கேட்பார்?

மலிவான வழிகளும் இல்லாமல் இல்லை. பல மாநிலங்களில் 60 அல்லது 65 வயதைத் தாண்டிய உள்ளூர்வாசிகள், அரசுப் பல்கலைக்கழக வகுப்பில் இடம் காலியாக இருந்தால் கட்டணமே இல்லாமல் உட்கார்ந்து கேட்கலாம். ஊர் நூலகங்களில் இலவச உரைகள் நடக்கின்றன. 2020-ல் கொரோனா காரணமாக ஷட்டாக்குவா தன் சீசனை முழுக்க ஆன்லைனுக்கு மாற்றியது. அதன் பிறகு வீட்டில் இருந்தே உரை பார்ப்பதும் பழகிவிட்டது.

தாக்குதலுக்குப் பிறகு என்ன மாறியது?

ருஷ்டியைக் குத்தியவரும் மற்றவர்களைப் போல நுழைவுச்சீட்டு வாங்கித்தான் உள்ளே வந்தார். அன்று அரங்க வாசலில் பைகளைத் திறந்து பார்க்கவில்லை. மெட்டல் டிடெக்டரும் இல்லை. பேச வருபவர் மதியம் அதே தெருவில் நடந்து போவார், கேட்டவர்கள் நிறுத்திச் சந்தேகம் கேட்பார்கள். அந்த நெருக்கத்துக்காகத்தான் பலர் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தார்கள்.

கத்திக்குத்து நடந்தபோது கூட்டம் சிதறி ஓடியதோடு நிற்கவில்லை. பார்வையாளர்களும் ஊழியர்களும் மேடைக்கு ஓடி, தாக்கியவரை மடக்கினார்கள். கூட்டத்தில் இருந்த மருத்துவர் ஒருவர் முதலுதவிக்கு வந்தார். உரையாடலை நடத்த வந்திருந்த ஹென்ரி ரீஸும் காயமடைந்தார். இந்த அனுபவத்தை ருஷ்டி 2024-ல் 'நைஃப்' என்ற புத்தகமாக எழுதினார்.

சம்பவத்துக்குப் பிறகு அரங்குக்குள் பை கொண்டுவரத் தடை வந்தது. நுழைவுச்சீட்டுக்குப் புகைப்பட அடையாள அட்டை கேட்டார்கள். தாக்கியவர் குற்றவாளி என 2025 பிப்ரவரியில் தீர்ப்பானது. மே மாதம் 25 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சீசன் நிற்கவில்லை. அடுத்த கோடையிலும் உரைகள் நடந்தன. ஆனால் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. கதவை முழுக்கத் திறந்து வைத்தால் ஆபத்தும் உள்ளே வரலாம். இறுக்கி மூடினால் அது ஷட்டாக்குவாவாக இருக்காது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் இனி இதை நடத்துபவர்கள் முன் உள்ள கேள்வி.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் சேரலாமா?

தமிழ்நாட்டில் இருந்து ஆண்டுதோறும் ஏராளமான பெற்றோர் மகன், மகள் வீட்டுக்குப் போகிறார்கள். முதல் இரண்டு வாரம் சுற்றிப் பார்ப்பதில் போய்விடும். அப்புறம் பிள்ளைகள் வேலைக்குப் போனதும் வீட்டில் நாலு சுவர்தான். 'கார் ஓட்டத் தெரியாது, எங்க போறது?' என்பது பலரின் புலம்பல்.

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை:

* பி-2 சுற்றுலா விசாவில் இருப்பவர்கள், பொழுதுபோக்குக்கான குறுகிய வகுப்பில் சேர அமெரிக்க விதிகள் அனுமதிக்கின்றன. சமையல் வகுப்பு, ஓவிய வகுப்பு போல.
* பட்டத்துக்கான மதிப்பெண் கணக்கில் சேரும் படிப்பில் இந்த விசாவில் சேரக் கூடாது. அதற்கு மாணவர் விசா வேண்டும். சேரும் முன் 'இது கிரெடிட் இல்லாத வகுப்புதானே?' என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.
* மேலே சொன்ன, முதியோருக்கான இலவசப் பல்கலைக்கழக வகுப்பு அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்குத்தான். விருந்தினராகப் போனவர்களுக்குப் பொருந்தாது.
* முதலில் போக வேண்டிய இடம் பக்கத்தில் உள்ள பொது நூலகம். உரை, புத்தக வட்டம், ஆங்கிலம் பேசும் பயிற்சி என்று பல நிகழ்ச்சிகள் இலவசமாக நடக்கும்.
* பயணத்தோடு கூடிய முகாம் என்றால் நடக்கும் தூரம், உணவு, பணம் திரும்பக் கிடைக்கும் விதி மூன்றையும் கேட்க வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.
* மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பக் கூடாது. அமெரிக்க ஆஸ்பத்திரி பில் குடும்பத்தையே ஆட்டிவிடும்.

நம்ம ஊரில் இப்படி ஏதாவது உண்டா?

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பாதி ஆண்டு பனி. அதனால் வெளியே வரும் காலம் கோடை. நம்ம ஊரில் கத்திரி வெயிலில் யாரைக் கூப்பிட்டு எங்கே நடக்க வைப்பது? சென்னையின் 'சீசன்' மார்கழி.

மார்கழிக் காலையில் மியூசிக் அகாடமியில் நடக்கும் 'லெக்-டெம்' என்ற விளக்க உரைகளுக்குப் போனவர்களுக்கு ஷட்டாக்குவா அந்நியமாக இருக்காது. ஒரு ராகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிப் பாடிக் காட்டுவார்கள். முன் வரிசைகளில் ஓய்வு பெற்றவர்கள் நோட்டில் குறிப்பெடுப்பார்கள். முடிந்ததும் கேன்டீனில் காபியோடு விவாதம். இங்கேயும் பரீட்சை கிடையாது.

நடந்து கற்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி நடக்கும் சென்னை தினக் கொண்டாட்டம். வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையா, பத்திரிகையாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோரின் முயற்சியில் 2004-ல் ஆரம்பித்தது. மயிலாப்பூர் மாட வீதி, ஜார்ஜ் டவுன் என்று காலை 6 மணிக்கே நடை தொடங்கும். வழிகாட்டுபவர்களில் பலர் தன்னார்வலர்கள். ஒரு பழைய கட்டடத்தின் முன் நின்று அதன் கதையைச் சொல்வார்கள். பஸ்ஸில் நூறு முறை கடந்து போன இடம் அன்றுதான் கண்ணில் படும்.

ஏரிக்கரை, 750 ஏக்கர், சிம்பொனி எல்லாம் இதற்குத் தேவையில்லை. 1975-ல் நியூ ஹாம்ப்ஷயரில் இருந்தது காலி அறையும், சொல்லித் தர மனமுள்ள ஆசிரியர்களும்தான். ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் பள்ளிக்கூட வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அதே தெருவில் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாரும், கோயில் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் இருக்கலாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அந்தப் பூட்டைத் திறக்க யாராவது சாவி கொடுத்தால் போதும்.